அரை மணி நேரத்தில் இழுவை போய், பத்து நிமிடத்தில் திரும்பும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் சொன்னதைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டர்போ டீசல் பிக்கப். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வகை, டீசலை அழுத்தி என்ஜினுக்கு அனுப்புவது மெக்கானிக்கல் ரோட்டரி பம்ப். கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. அரை மணி, முக்கால் மணி போனபின், அதுவும் லோடோடு மேடு ஏறும்போது, இழுவை மெல்ல மெல்லக் குறைகிறது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி போவதில்லை. ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கிறது. டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டீர்கள். பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள், செய்யலாமா என்பது கேள்வி. ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விடுகிற கோளாறை எப்படிப் பிடிப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், பம்ப் விஷயம் அதிலேயே தெளிவாகிவிடும்.

டீசல் என்ஜின் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் விவரத்தில் மிகவும் மதிப்புள்ள வரி "பத்து நிமிடத்தில் சரியாகிறது" என்பதுதான். தேய்ந்த பொருள் ஓய்வெடுத்தால் தேறாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) போயிருந்தால், நாசில் (டீசலை என்ஜினுக்குள் தெளிக்கும் முனை) தேய்ந்திருந்தால், காலையிலிருந்து மாலைவரை ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். வந்து வந்து போகிற கோளாறு என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் வண்டிக்குள் ஏதோ மாறுகிறது. என்ன மாறுகிறது என்று யோசித்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் உடனே சொல்வது, "சூடு ஆறிவிடுகிறது, அதனால் சரியாகிறது." இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. என்ஜினை நிறுத்தியதும் ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுவது நிற்கும், விசிறி நிற்கும், முன்னாலிருந்து வந்த காற்றும் நிற்கும். அதுவரை இரும்புக்குள் இருந்த சூடு வெளியே வந்து பானெட்டுக்குள் தேங்கும். முதல் பத்து நிமிடத்தில் பம்ப், ஹோஸ், வயர் எல்லாம் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகவே சுடும். ஆக, கோளாறுக்குக் காரணம் பானெட்டுக்குள் இருக்கும் சூடுதான் என்றால், பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு நிலைமை மோசமாகத்தான் ஆக வேண்டும், ஒரு மணி நேரம் நிறுத்தினால்தான் தேற வேண்டும். உங்கள் வண்டி பத்தே நிமிடத்தில் தேறுகிறது. அந்த நேரத்தில் உறுதியாக மாறுவது இரண்டு: டீசல் உறிஞ்சப்படுவது நின்றுவிடுகிறது, அந்த உறிஞ்சலால் டேங்கிலும் குழாயிலும் உண்டான வெற்றிடம் தளர்ந்துவிடுகிறது. எனவே முதல் சந்தேகம் டேங்கிலிருந்து பம்பின் வாசல்வரை உள்ள பாதை மேல்தான். வண்டியைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை: கோளாறு என்ஜினில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இழுவை குறையும் நேரத்தில் ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) என்ன செய்கிறது? என்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது, டீசலைத் தேடி அலைய வேண்டாம். ஆர்பிஎம் கூடவே இறங்குகிறது என்றால், நிறுத்திய உடனே நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடிக்கிறது. பழைய வண்டிகளில் பிரேக் ஹோஸ் உள்ளே உப்பிப்போய், மிதிக்கும்போது ஆயிலை அனுப்பிவிட்டு, விட்டால் திரும்ப விடாமல் வைத்துக்கொள்ளும். சற்று நிறுத்தினால் அழுத்தம் மெதுவாக இறங்கி விட்டுவிடும். அறிகுறி அப்படியே உங்கள் கதை போலவே இருக்கும். பெடலின் கீழே கம்பளம் மடங்கியிருக்கிறதா, முழுதாக மிதிக்கும்போது பம்பின் லீவர் கடைசிவரை போகிறதா என்பதையும் ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது புகை. இதைப் பார்க்காமல் டீசல் வண்டியில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கோளாறு வரும்போது பின்னால் வேறொரு வண்டியில் யாராவது வந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண்ணாடியில் நீங்களே கவனிக்கலாம். இழுவை இல்லை, புகை கறுப்பாகக் கக்குகிறது என்றால் டீசல் போகிறது, எரிக்கக் காற்றுதான் போதவில்லை. இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசலே போதுமான அளவு போகவில்லை. கண் எரிகிற டீசல் வாடையோடு வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது. டீசல் பாதையில் ஏர் பிடித்து, அதாவது காற்று புகுந்து, டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) தாமதமாவது இதற்கு ஒரு காரணம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. பல டர்போ வண்டிகளில் பம்பின் தலையில் ஒரு டயாஃப்ரம் (அழுத்தத்துக்கு அசையும் சவ்வு) இருக்கும், இன்டேக்கிலிருந்து, அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் வழியிலிருந்து, ஒரு மெல்லிய ஹோஸ் அதற்குப் போகும். டர்போ அழுத்தம் ஏறினால் மட்டுமே கூடுதல் டீசலை அனுமதிப்பது அதன் வேலை. டர்போ அழுத்தம் எங்காவது கசிந்தால் பம்ப் தானாகவே டீசலைக் குறைத்துக்கொள்ளும், எனவே எதிர்பார்த்த கறுப்புப் புகை வராமலும் போகலாம். அந்த மெல்லிய ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே கதைதான். அதனால் கறுப்புப் புகை வந்தால் காற்றுப் பக்கம் என்று நம்பலாம். வராவிட்டால் டீசல் பக்கம் என்று சொல்வதற்கு முன் அந்த ஹோஸையும், டர்போவிலிருந்து இன்டேக் வரையுள்ள ஹோஸ்களையும் கையால் நெருடிப் பார்த்துவிடுங்கள். மடிப்புகளில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும், என்ஜின் ஓடாதபோது வாய் மூடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஆயில் பிசுக்கும் தூசியும் படிந்த இடத்தை முதலில் பாருங்கள்.

சரி, டீசல் பாதைக்கு வருவோம். உங்கள் வகை வண்டிகள் பலவற்றில் டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுவர தனி ஃபீட் பம்ப் கிடையாது. ரோட்டரி பம்பின் உள்ளேயே இருக்கும் சின்ன உறிஞ்சு பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை இழுத்துக்கொள்கிறது. பம்புக்கு அந்தப் பக்கம் நாசிலைத் திறக்க 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். இந்தப் பக்கம் டீசலைத் தள்ளிக்கொண்டு வருவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான், அதாவது அதிகபட்சம் ஒரு பார். இதில் ஏறுமட்டத்துக்கும் ஃபில்டருக்கும் குழாயின் நீளத்துக்கும் போக மிச்சம் இருப்பது கொஞ்சமே. ஆகவே உறிஞ்சும் பக்கத்தில் சின்னத் தடை போதும், சின்ன ஓட்டை போதும். இன்னொன்று, பம்ப் இழுக்கிற டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி பம்பைக் குளிரவைத்துவிட்டு ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகும். எரிகிற அளவைவிட அதிகமான டீசல் அந்தக் குழாயில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், டேங்கில் கிடக்கும் அழுக்கு வாயை வந்து அடைக்க அரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

எளிதானது டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான துளை மூடியிலோ தனிக் குழாயிலோ இருக்கும். அது தூசியால் அடைந்தால் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. கோளாறு வந்ததும் நிறுத்தி உடனே மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டு, அப்போதே எடுத்தால் வண்டி இழுத்தால், தேடல் அங்கேயே முடிந்தது. மூடியை அரைத் திருகலில் தளர்வாக வைத்து ஒரு முறை அதே மேட்டில் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், சிந்தி ரோட்டில் வழியும்.

மூடியில் ஒன்றுமில்லை என்றால், எனக்கு மிகவும் சந்தேகம் டேங்கின் உள்ளேதான். உறிஞ்சும் குழாயின் நுனியில் வலை இருக்கும். டேங்கின் அடியில் துரு, மண், தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில் வளரும் வழவழப்பான பாசி போன்ற படிவு எல்லாம் கிடக்கும். அந்தப் படிவு நுண்ணுயிர்களால் வருவது, தண்ணீர் தேங்கிய டீசல் டேங்கில் சாதாரணம். வண்டி ஓடும்போது இவை கலங்கி, ஓட்டத்தோடு வந்து வலையில் அப்பிக்கொள்ளும். நிறுத்தியதும் உறிஞ்சல் இல்லை, மெதுவாக உதிர்ந்து கீழே போய்விடும். மறுபடி அரை மணி நேரம் நன்றாக ஓடும். கழற்றிய டேங்குகளில் பழைய மூடியின் ரப்பர் துண்டையும், டீசல் கேனை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிப் பொருள் குழாய் வாயில் போய் ஒட்டிக்கொண்டால் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் தீராது, ஏனென்றால் அது ஃபில்டர்வரை வரவே வராது. புது ஃபில்டர் போட்டும் மாற்றமில்லை என்று நீங்கள் சொன்னது இதோடு பொருந்திப் போகிறது.

இதற்குக் குறுக்குவழிச் சோதனை ஒன்று இருக்கிறது. கோளாறு வந்த நிலையிலேயே நிறுத்தி, ஃபில்டருக்கு வரும் டேங்க் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, குழாய் வழியாக டேங்கை நோக்கி மெதுவாகக் காற்று ஊதுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பே போதும், கம்ப்ரஸரை முழு அழுத்தத்தில் வைக்காதீர்கள். பம்ப் பக்கம் ஊதவே கூடாது. முதலில் அடைத்துக்கொண்டு, பிறகு சட்டென விட்டு டேங்கில் குபுகுபுவென்று சத்தம் வந்தால், அடைப்பு இருந்தது உறுதி. ஊதியபின் சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி வந்தாலும் அதே முடிவுதான். ஊதுவது மருந்து இல்லை, அடையாளம் மட்டும்.

டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கும்போது கோளாறு வருகிறது என்பதையும் குறித்துவையுங்கள். பாதிக்குக் கீழே போனால் மட்டும் வருகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் குழாயில் மேலே எங்கோ துரு அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். டீசல் மட்டம் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை வம்பில்லை, கீழே போனதும் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

ஏர் பிடிப்பது தனி விஷயம். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வாய்க்குக் காற்றுதான் வரும், வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. இங்கேயும் அப்படித்தான். காய்ந்து கட்டையாகிப்போன ரப்பர் ஹோஸ், தளர்ந்த க்ளிப், பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், ஹேண்ட் பிரைமரின் (டீசலை ஏற்றக் கையால் அமுக்கும் சின்ன பம்ப்) ரப்பர், புது ஃபில்டர் மாட்டும்போது சரியாக உட்காராத வாஷர் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பார்க்கும் வழி: ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக, டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, என்ஜினை உயர்ந்த ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். எடுத்தவுடன் ஓரிரு குமிழிகள் வருவது பொருட்டல்ல. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏர் எடுக்கிறது. குமிழியே இல்லை, ஆனால் இழுவை போகும் நேரத்தில் பிரைமரின் தலை உள்ளே உறிஞ்சப்பட்டுக் கல்லாக இருக்கிறது என்றால் ஓட்டை இல்லை, அடைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஹோஸ் மாற்ற வேண்டிய இடத்தில் டேங்கைக் கழுவுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது கேன் சோதனை. சுத்தமான கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபில்டர் வாசலுக்கும், ரிட்டர்ன் ஹோஸைத் திரும்பக் கேனுக்கும் கொடுத்து, அதே லோடு, அதே மேடு, அதே நேர அளவு ஓட்டிப் பாருங்கள். கேனின் மூடியில் காற்றுத்துளை வேண்டும். ஆட்டம் காணாதபடி கட்டியிருக்க வேண்டும், சைலன்சர் குழாய்க்கும் டர்போவுக்கும் பக்கத்தில் வரவே கூடாது. கேனில் கோளாறு வரவில்லை என்றால் டேங்க், மூடி, வலை, வண்டிக்கு அடியில் ஓடும் குழாய் இவற்றில் ஏதோ ஒன்றுதான், பம்பைத் தொட வேண்டியதில்லை. கேனிலும் வருகிறது என்றால் ஃபில்டரிலிருந்து அந்தப் பக்கம் போங்கள். ஒரே ஓட்டத்தில் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும் சோதனை இது ஒன்றுதான். பெட்ரோல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது, பெட்ரோலின் ஆவி சின்னப் பொறிக்கும் பற்றிக்கொள்ளும்.

இழுவை மெல்லக் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதானா என்று இன்னொரு முறை கவனியுங்கள். ஸ்விட்ச் போட்ட மாதிரி சட்டென்று விட்டு, சட்டென்று வருகிறது என்றால் பம்பின் மேலிருக்கும் ஸ்டாப் சோலினாய்டுக்கு (மின்சாரம் போனால் டீசலை நிறுத்தும் மின் வால்வு) போகும் வயர் மேல் சந்தேகம் வரும். அந்த வயரிலிருந்து ஒரு சிறிய 12 வோல்ட் பல்பை இழுத்து ஓட்டுநர் முன்னால் வைத்து ஓட்டுங்கள். கோளாறு வரும் நொடியில் பல்பு அணைந்தால் கனெக்டரையும் இக்னிஷன் ஸ்விட்சையும் பாருங்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் வயருக்கு விடுதலை, ஆனால் சூட்டில் சோலினாய்டின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் தொடர்பு விட்டுப்போகிற வாய்ப்பு மிச்சமிருக்கும்.

காற்றுப் பக்கத்தில் ஹோஸ்கள் தவிர இரண்டு இடம் உண்டு. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸின் உள் அடுக்கு பிரிந்து, உறிஞ்சல் கூடும்போது மட்டும் மடிந்து வழியை மறைக்கும், நிற்கும்போது பார்த்தால் புதிதுபோல இருக்கும். சைலன்சர் உள்ளே உடைந்து தகடு அடைத்துக்கொள்வதும் நடக்கிறது. இரண்டுமே உங்கள் பத்து நிமிடக் கணக்கோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை, அதனால் புகை கறுப்பாக வந்தால் மட்டும் இவற்றுக்குப் போங்கள்.

இப்போது பம்ப். பம்ப் குற்றவாளியாக இருக்க முடியாது என்று சொல்லவில்லை. டீசல் சூடானால் மெலியும், தேய்ந்த பம்பின் உள்ளே அது பின்வாங்கி ஒழுகும், இழுவை குறையும். ஆனால் அந்தக் கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் வேறு: நன்றாகச் சூடான என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நீளமாகச் சுற்றும், எடுக்காது. ஆறியபின் எடுத்துவிடும். உங்கள் வண்டி அதே பத்து நிமிடத்தில் எடுத்த மாத்திரத்தில் கிளம்பி மேடு ஏறுகிறது என்கிறீர்கள். அதனால்தான் பம்பைக் கடைசியில் வைக்கிறேன். கேன் சோதனையிலும் கோளாறு வந்து, டர்போ ஹோஸ்கள் நன்றாக இருந்து, பம்புக்குள் குமிழி இல்லாத டீசல் தாராளமாகப் போவதை ஒளி ஊடுருவும் ஹோஸில் பார்த்தபின், பம்பைத் தனியாக ஓட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்கள் எட்ட நின்று சொல்வதில் பயனில்லை, பெஞ்ச் காட்டும் அளவுதான் பேசும். கம்ப்யூட்டர் உள்ள காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் வரிசை வேறு. முதலில் ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் படித்து, ஓடும்போது ரெயில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

கை வைக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று, மேட்டிலோ இறக்கத்திலோ என்ஜின் முழுதாக நின்றுபோனால் பிரேக்குக்கு உதவும் வேக்கம் (வெற்றிடம்) சில மிதிகளில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் உடனே கனத்துவிடும். சோதனை ஓட்டத்தைப் போக்குவரத்து இல்லாத நேரத்தில், தனியாகப் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்தான் என்று முடிவானால் அதை இறக்கிக் கழுவுவதே சரி, அடியிலுள்ள நட்டைத் திறந்து வடிப்பது போதாது. வலையை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அழுக்கு முழுவதும் ஃபில்டரில் வந்து இறங்கும். டேங்கை மாட்டும்போது, குழாயை ரிட்டர்னோடு சேர்த்து டேங்க் பக்கமாக ஊதிச் சுத்தம் செய்து, உறிஞ்சும் பக்கத்து ரப்பர் ஹோஸ் துண்டுகளைப் புதிதாகப் போட்டு, புது ஃபில்டரையும் மாட்டுங்கள். எவ்வளவு கழுவினாலும் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தது முதல் சில நாட்களில் பெயர்ந்து வரும். அதனால் அந்தப் புது ஃபில்டரை வழக்கமான கிலோமீட்டர்வரை விடாமல் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழையதை அறுத்து, காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். துருவும் மண்ணும் என்றால் டேங்கின் உட்சுவர் இன்னும் உதிர்கிறது. வழவழப்பான கறுப்புப் படிவு என்றால் தண்ணீர் எங்கிருந்தோ இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, மூடியின் வாஷரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.